ஆடும் ஸ்ரியரிங்: உயர்த்திய பழைய ஜீப்புகளில் கோளாறைத் தேடுவது எப்படி?



சென்ற மாதம் நமது வானொலியில் வாகனப் பராமரிப்புப் பற்றி நான் பேசியபோது, நிகழ்ச்சி முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, என்ரை மகன் ஒரு பழைய லான்ட் குறூசர் வாங்கி அதைத் தூக்கி வைச்சிருக்கிறான். போன ஞாயிறு அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை ஸ்ரியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடினது. டம்பர் மாத்தினால் சரி எண்டு சொல்லுறான். உண்மையோ?" என்று கேட்டார்.

மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. "தங்கச்சி, நான் பார்க்கும்வரை அதை நெடுஞ்சாலைக்கு எடுக்க விடாதேங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பிறகு மேலும் நான்கு பேர் நிலையத்துக்கு அழைத்து இதே விடயத்தைக் கேட்டார்களாம். நமது பிள்ளைகள் பலர் இப்போது பழைய நான்கு சில்லு இழுவை வாகனங்களை வாங்கி, உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, விக்டோரிய மலைப் பக்கம் முகாம் அடிக்கப் போகிறார்கள். ஆகவே அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நான் இங்கே பேசுவது முன் அச்சு ஒரே இரும்புத் தண்டாக, இரண்டு முன் சில்லுகளையும் இணைத்திருக்கும் பழைய வாகனங்களைப் பற்றி. 80 வரிசை ரொயோட்டா லான்ட் குறூசர், ஜி.கியூ., ஜி.யு. எனப்படும் நிசான் பற்றோல், பழைய லான்ட் றோவர் டிஃபென்டர் போன்றவை. இன்றைய யூட் வண்டிகள் பலவற்றில் முன் சில்லுகள் தனித்தனியாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு இதில் சில விடயங்கள் பொருந்தா.

அந்தத் தம்பியின் வாகனம் தொண்ணூறுகளில் வந்த 80 வரிசை. சனிக்கிழமை காலை தாயும் மகனுமாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், உள்வீதிகளால் மெதுவாக ஓட்டி. நடந்ததைத் தம்பி சொன்னார். ஈஸ்ட்லிங்க் நெடுஞ்சாலையில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். பாலம் ஒன்றின் இணைப்பில் முன் சில்லு ஏறி இறங்கியதும் ஸ்ரியரிங் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கியிருக்கிறது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. முழு வாகனமும் உதறியது. வேகம் ஏறக்குறைய 40க்குக் குறைந்த பிறகே நின்றது. பின் ஆசனத்தில் இருந்த அம்மம்மா அன்றைக்குப் பிறகு அந்த வாகனத்தில் ஏற மறுக்கிறாவாம். அம்மம்மா சொல்வதில் நியாயம் உண்டு என்றேன்.

இங்குள்ள மெக்கானிக்குகள் இதை 'டெத் வொபிள்' என்பார்கள். சாவு ஆட்டம் என்று சொல்லலாம். பெயர் மிகைப்படுத்தியது அல்ல.

இனி டம்பர் பற்றி. அதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015இல் ஷெப்பார்டன் பக்கம் பழத்தோட்டத்தில் வேலை செய்த நம்முடைய பொடியன் ஒருவர் ஒரு ஜி.கியூ. பற்றோலோடு என்னிடம் வந்தார். படகில் வந்து பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர். தோட்டத்துக்குத் தன்னோடு இன்னும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய் வருவார். ஸ்ரியரிங் ஆடுகிறது என்றார். அவரிடம் காசு இல்லை, எனக்கு நேரம் இல்லை. புது ஸ்ரியரிங் டம்பர் ஒன்றைப் பூட்டினேன். ஓட்டிப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. அவரும் சந்தோசமாகப் போனார். ஆறு கிழமையில் அதிகாலை இருட்டில் அதே ஆட்டம் வந்து, வாகனம் றோட்டை விட்டு இறங்கிக் கம்பி வேலிக்குள் போய் நின்றது. ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. எதிரே ஒரு லொறி வந்திருந்தால் ஐந்து பேரும் இல்லை. அந்த வேலியை நான் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு காரணம் தெரியாமல் ஒரு டம்பரையும் நான் பூட்டியதில்லை.

ஸ்ரியரிங் டம்பர் என்பது சொக் அப்சோபரின் தம்பி. உள்ளே எண்ணெய் இருக்கும், படுக்கையாகப் பூட்டியிருக்கும். கல்லில் சில்லு மோதும்போது வரும் அடியைக் கைக்கு வரவிடாமல் உறிஞ்சுவதே அதன் வேலை. முன்பக்கம் நல்ல நிலையில் இருந்தால் டம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் வாகனம் இப்படி ஆடாது. ஆடுகிறது என்றால் வேறு எங்கோ தளர்வு இருக்கிறது. புது டம்பர் அந்தத் தளர்வைச் சில காலம் மறைக்கிறது. மறைந்திருக்கும் காலத்தில் தளர்வு வளர்கிறது. காய்ச்சலுக்குப் பனடோல் போடுவது போலத்தான்.

ஏன் ஆடுகிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சுப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் முன் சில்லு ஒன்று, கொஞ்சம் வேகமாகத் தள்ளியதும் படபடவென்று இடமும் வலமும் அடிக்கும். மெதுவாகத் தள்ளினால் நின்றுவிடும். அந்தச் சில்லைப் பிடித்திருக்கும் ஆணி தேய்ந்து இடம் விட்டிருப்பதே காரணம். உயர்த்திய ஜீப்பில் நடப்பதும் அதுவேதான். ஆனால் இங்கே சில்லு ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டும் ஒரே தண்டில் கட்டுப்பட்டிருப்பதால் ஒன்று மற்றதையும் சேர்த்து அடிக்கும்.

இன்னொன்று, சைக்கிள். ஊரில் றலி சைக்கிளைக் கையை விட்டு ஓடியவர்கள் நம்மில் பலர். முன் கவைத்தண்டு நேர் செங்குத்தாக இல்லாமல் மேல்பக்கம் பின்னால் சாய்ந்து இருப்பது அதற்கு உதவுகிறது. சில்லு தானாகவே நேராகப் போகப் பார்க்கும். வாகனத்திலும் இதே சாய்வு உண்டு. அதற்குக் காஸ்ரர் என்று பெயர், பாகையில் அளப்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.

வாகனம் வந்ததும் நான் உடனே கீழே படுப்பதில்லை. முதலில் ஓட்டியவரைக் கேட்பேன். எந்த வேகத்தில் வருகிறது? பள்ளத்தில் விழுந்த பிறகா, சும்மா போகும்போதா? பிறேக் பிடித்தால் மட்டும் நடுங்குகிறதா? பிறேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் பிறேக் டிஸ்க்குகள் பழுது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய நடுக்கம் வந்து, அதற்கு மேல் போனால் குறைகிறது என்றால் சில்லு பலன்ஸ் இல்லை. ஸ்ரியரிங்கில் இல்லாமல் ஆசனத்தில் நடுக்கம் தெரிந்தால் பின் சில்லுகளை அல்லது புறொப் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். ஆடாமல் வாகனம் அங்குமிங்கும் அலைகிறது, நேராகப் பிடித்து வைக்கவேண்டி இருக்கிறது என்றால் அது காஸ்ரர் பக்கம். ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முன் ரயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில்தான். ஒரு சதம் செலவில்லாத சோதனை இது.

மிக முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இது தொடங்குவதற்கு முன் வாகனத்தில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்? தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்பிரிங் மாத்தினது அங்கிள். நானும் ஃபிரென்டும் வீட்டு டிறைவ்வேயிலை செய்தனாங்கள். மூண்டு இஞ்ச் லிஃப்ற்" என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது.

அடுத்தது சில்லு நட்டுகள். சிரிக்காதீர்கள். பெரிய ரயர் மாற்றிய பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். அதற்குப் பின் ரயர். காற்று அழுத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவா? கையால் ரயரின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது அரம் போலவும் இருந்தால் சில்லுகளின் கோணம் பிழைத்திருக்கிறது. மேடு பள்ளமாகக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அந்த ரயரே ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இரண்டாம் கையாக வாங்கும் ரயர்களில் பட்டன் நன்றாக இருக்கும், வயது பத்தாக இருக்கும். அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தம்பியின் நட்டுகள் சரி, ரயர்களும் பரவாயில்லை. ஆகவே கீழே பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஜக் அடிக்கத் தேவையில்லை, அடிக்கவும் கூடாது. வாகனத்தின் பாரம் சில்லுகளில் இருக்கும்போதுதான் தளர்வு உண்மையாகத் தெரியும். சமதரையில் நிறுத்தி, கை பிறேக் இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை இயக்குங்கள். ஒருவர் ஆசனத்தில் இருந்து ஸ்ரியரிங்கை இடம் வலமாகக் கால் சுற்று அளவில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் முன்பக்கமாகக் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். விரலை இரண்டு பாகங்களுக்கு நடுவில் கொடுக்காமல், மேலால் மெல்லத் தொட்டு உணருங்கள். ஒரு துண்டு அசைந்து, அதோடு பூட்டியிருக்கும் அடுத்த துண்டு கொஞ்சம் பிந்தி அசைந்தால், அந்த இடத்தில் தளர்வு.

நான் தாயை ஆசனத்தில் ஏற்றினேன். மகனைத்தான் கீழே படுக்கவைத்தேன். தன் கண்ணால் பார்க்கட்டும் என்று.

ஸ்ரியரிங் பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டு டிறாக் லிங்க். இரண்டு சில்லுகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு ரை றொட். இவற்றின் முனைகளில் பந்து மூட்டுகள் இருக்கின்றன. அவை நன்றாக இருந்தன. பிறகு பான்ஹார்ட் றொட். முன் அச்சு இடம் வலமாக நகராமல் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு இது. ஒரு முனை வாகனச் சட்டத்தில், மறு முனை அச்சில் பூட்டியிருக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. என் அனுபவத்தில் ஆட்டத்தோடு வரும் வாகனங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

"அங்கிள், இஞ்சை போல்ட் அசையுது" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

சட்டப் பக்கத்துப் போல்ட் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் போய் வந்தது. அதன் தலையைச் சுற்றிச் செந்நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் இந்தத் தூள் வரும். டோர்ச் அடித்துத் தேடும்போது முதலில் தேட வேண்டிய அடையாளம் அது. போல்ட்டைக் கழற்றினோம். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் மாற்றிய நாளில் இந்தப் போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டும்போது வாகனம் ஜக்கில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டார்கள், அதுவும் போதாமல்.

றப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் கடைசியாக இறுக்குவது வாகனம் தன் காலில் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியவுடன் றப்பர் முறுகிக் கிழியத் தொடங்கும். இறுக்கும் அளவு வாகனத்தின் திருத்தக் கையேட்டில் இருக்கிறது. ரோர்க் ஸ்பனரால் இறுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடியும் பார்க்க வேண்டும். முட்டையான ஓட்டையை இன்னும் பலமாக இறுக்கிச் சரிசெய்ய முடியாது. தெரிந்த வெல்டர் ஒருவர் அந்த இடத்தைத் தகடு வைத்து ஒட்டி, சரியான அளவில் துளையிட வேண்டும். அதே நேரம் அந்தத் தாங்கியைச் சுற்றியும், ஸ்ரியரிங் பெட்டி சட்டத்தோடு பொருந்தும் இடத்தைச் சுற்றியும் வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி எழும்பி, "அப்ப இதுதான் பிரச்சினை, முடிஞ்சுதா?" என்றார். இல்லை. ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்துவது இன்னொரு பொதுவான பிழை. இந்த ஆட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று சிறு தளர்வுகள் சேர்ந்துதான் வரும்.

இப்போது ஜக் அடித்தோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக்கூடாது. அச்சின் கீழே இரண்டு பக்கமும் ஸ்ராண்ட் வைக்க வேண்டும். ஜக் வழுக்கி உயிர் போவது இந்த நாட்டிலும் நடக்கிறது. சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடித்து, உள்ளும் வெளியும் அசைத்துப் பார்த்தோம். இடது சில்லில் 'டொக்' என்று ஓர் அசைவு. இது சில்லு பெயாரிங்கா, கிங் பின் பெயாரிங்கா? சில்லு திரும்புவதற்கு மேலும் கீழும் தாங்கும் பெயாரிங் சோடிதான் கிங் பின் பெயாரிங். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவரைப் பிறேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். அசைவு இல்லாமல் போனால் சில்லு பெயாரிங். அப்படியே இருந்தால் கிங் பின். தாய் பிறேக்கை மிதித்தார். அசைவு அப்படியே இருந்தது.

எனக்கு இதில் ஒரு பழைய ஞாபகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில்தான் நான் தொழில் பழகினேன். பெற்றோலைச் சில துளி விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ போர்ட்டிகள்தான் எங்கள் வாடிக்கை. உதிரிப்பாகம் வராது. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் கிங் பின்னுக்குக் கிறீஸ் அடிக்காமல் ஒரு காரையும் வெளியே விடமாட்டார். "மாத்துறதுக்குச் சாமான் இல்லை, தேயவிடாமல் பார்" என்பார். இங்கே சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பார்ப்பவர்தான் இல்லை.

கழற்றிப் பார்த்தபோது கீழ்ப் பெயாரிங்கின் கிண்ணத்தில் உருளைகளின் தடம் கோடு கோடாகப் பதிந்திருந்தது. கிறீஸ் கிறீஸாக இல்லாமல் கறுப்புக் குழம்பாக இருந்தது. உள் சீல் பழுதாகி, டிஃபரென்ஷல் எண்ணெய் கசிந்து வந்து கிறீஸைக் கரைத்திருக்கிறது. லான்ட் குறூசரிலும் பற்றோலிலும் முன் சில்லின் உட்பக்கம் கறுப்பாக ஈரம் தெரிந்தால் அதுதான். பார்வைக்குச் சின்னக் கசிவு. விட்டால் பெயாரிங்குகளைத் தின்றுவிடும். சீலும் பெயாரிங்கும் ஒன்றாகக் கிற் ஆகவே விற்கிறார்கள். பொறுமையுள்ள ஒருவர் ஒரு வார இறுதியில் செய்யலாம். ஆனால் மெல்லிய தகட்டு வளையங்களை வைத்து இறுக்கத்தைச் சரியாக அமைக்க வேண்டும். முதல் தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மிகவும் இறுக்கினால் ஸ்ரியரிங் திருப்பிய பின் தானாக நேருக்கு வராது.

இனிக் காஸ்ரர். மேலே சைக்கிளில் சொன்ன சாய்வு.

இந்த வாகனங்களில் முன் அச்சைப் பின்னோக்கி நீண்ட இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. அவற்றின் பின் முனை வாகனச் சட்டத்தில் பூட்டியிருக்கிறது. நீளமான ஸ்பிரிங் போட்டுச் சட்டத்தை மேலே தூக்கும்போது கைகளின் பின் முனையும் மேலே போகிறது. அப்போது முன் அச்சு முன்னோக்கிக் கவிழ்கிறது, ஒருவர் தலையைக் குனிவது போல. பின்னால் சாய்ந்திருக்க வேண்டிய கிங் பின் நிமிர்ந்துவிடுகிறது. இரண்டு அங்குலம் தூக்கினால் ஏறக்குறைய 2 பாகை காஸ்ரர் போய்விடும். இந்த 80 வரிசைக்கு இருக்க வேண்டியதே 3 பாகை அளவில். தம்பி மூன்று அங்குலம் தூக்கியிருந்தார். வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் அளந்தபோது கடதாசியில் அரைப் பாகை என்று வந்தது. கவைத்தண்டு செங்குத்தான சைக்கிளைக் கையை விட்டு ஓடுவது போலத்தான் அவர் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறார்.

இதைத் திருத்த, துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் காஸ்ரர் புஷ்கள் இருக்கின்றன. இன்னும் உயரமாகத் தூக்கியவர்களுக்குக் கைகளின் பூட்டு இடத்தையே மாற்றும் தகடுகள் விற்கிறார்கள். பான்ஹார்ட் றொட்டையும் நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக மாற்ற வேண்டி வரலாம். ஏனென்றால் தூக்கியதும் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது ஸ்ரியரிங் சில்லு கோணலாக நிற்கும். அதை நேராக்கச் சிலர் ரை றொட்டைத் திருகுகிறார்கள். அது பிழை. ரை றொட் மாற்றுவது இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான கோணத்தை. ஸ்ரியரிங்கை நேராக்குவது டிறாக் லிங்க். பிழையானதைத் திருகினால் ரயர் சில மாதங்களில் அரத்தால் உராய்ந்தது போல் போய்விடும்.

ஸ்ரியரிங் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மேலே ஒரு திருகாணி இருக்கும். ஸ்ரியரிங்கில் இடைவெளி இருந்தால் அதை இறுக்கினால் சரி என்று யாராவது சொல்வார்கள். மற்ற எல்லாம் பார்த்து முடியும்வரை அதில் கை வைக்காதீர்கள். மிகையாக இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், உள்ளே பற்கள் தேயும். நல்ல பெட்டி ஒன்றின் விலை கேட்டுப் பாருங்கள், பிறகு கை போகாது.

இனி வாகனம் பழகாத பெற்றோருக்கு. பிள்ளை கராஜுக்குப் போகும்போது நீங்களும் போங்கள். மொழி கொஞ்சம் தடக்கினாலும் பரவாயில்லை. "எது தேய்ந்தது, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் உங்களைக் கூட்டிக்கொண்டுபோய் அசைத்துக் காட்டுவார். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அலைன்மென்ட் செய்தால், முன்னும் பின்னும் அளந்த கடதாசியைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்ரர் என்ற வரியைப் பாருங்கள். காரணம் சொல்லாமல் டம்பரை மட்டும் மாற்றுவோம் என்றால், நன்றி சொல்லிவிட்டு இன்னோர் இடம் போங்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று மேலே எழுதிவிட்டேன்.

சட்டமும் இருக்கிறது. விக்டோரியாவில் சஸ்பென்ஷனை 50 மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் அங்கீகாரம் பெற்ற பொறியியலாளரின் வாஸ் சான்றிதழ் வேண்டும். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பியின் மூன்று அங்குலம் 76 மில்லிமீற்றர். சான்றிதழ் இல்லை, காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லவில்லை. விபத்து ஒன்று நடந்திருந்தால் நட்டஈடு தர மறுக்க அவர்களுக்கு இடம் இருந்திருக்கும். இதைக் கேட்டபோதுதான் தாயின் முகம் மாறியது. வீட்டுக் கடனும் அந்தக் குடும்பத்தின் தலையில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஆட்டம் வந்தால் என்ன செய்வது? ஸ்ரியரிங்கை இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெருவிரல்களைச் சில்லின் கம்பிகளுக்கு உள்ளே கொடுக்காதீர்கள், முறிந்துவிடும். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுங்கள். பிறேக்கைத் திடீரென்று மிதிக்காமல் மெதுவாக அழுத்தி, வேகம் குறைந்து ஆட்டம் நின்றதும் இடது ஓரத்துக்கு எடுங்கள். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நின்றுவிடும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நிறுத்தியபின் சில்லு நட்டுகளையும் பான்ஹார்ட் போல்ட்டையும் பாருங்கள். பிறகு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை ஆடிய வாகனம் அன்றைக்கே இன்னொரு தடவையும் ஆடும். அந்த முதல் ஆட்டமே நல்ல மூட்டுகளையும் தளர்த்திவிடுகிறது.

தம்பியின் வாகனத்துக்கு மூன்று வார இறுதிகள் எடுத்தன. தாங்கியை ஒட்டி, பான்ஹார்ட் புஷ்களை மாற்றி, இரண்டு பக்கமும் கிங் பின் பெயாரிங்கும் சீலும் புதிதாகப் போட்டோம். மூன்று அங்குல ஸ்பிரிங்கை விற்றுவிட்டு 50 மில்லிமீற்றர் ஸ்பிரிங் வாங்கச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் வாங்கினார். காஸ்ரர் புஷ் போட்டு அளந்தபோது 3 பாகைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எல்லாப் போல்ட்டுகளையும் வாகனம் தரையில் நிற்கும்போது அவரே ரோர்க் ஸ்பனரால் இறுக்கினார்.

கடைசி நாள், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பழைய டம்பரைக் கழற்றி வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "ஓடு தம்பி, முதலில் உள்வீதியிலை, பிறகு எண்பதிலை" என்று பக்கத்தில் ஏறி இருந்தேன். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினோம். ஸ்ரியரிங் ஒரு தடவை மெல்ல அசைந்து, அமைதியாகிவிட்டது. திரும்பி வந்து அதே பழைய டம்பரைப் பூட்டிக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அம்மம்மா இன்னும் ஏறவில்லையாம்.